கேள்வி கடினமா, ஆழமா? வகுப்பறை வினாக்களின் சிந்தனை நிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் வினாத்தாள் பற்றிப் பேச்சு வந்தால், ஒரு கேள்வி பிள்ளையை எவ்வளவு தூரம் யோசிக்க வைக்கிறது என்ற இடத்தில்தான் விவாதம் சூடாகும். டீ இடைவேளையிலும் தாழ்வாரத்தில் நின்று அதையே பேசிக்கொண்டிருப்போம். அங்கே சக ஆசிரியர்கள் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும், அப்போது சொல்ல வராமல் வீட்டுக்கு வந்து யோசித்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சிந்தனை நிலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு வேலையை முடிக்கப் பிள்ளையின் மனதுக்குள் என்ன நடக்க வேண்டியிருக்கிறதோ அதைத்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் வெப் 1997-ல் இதை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சொன்னார். ‘அறிவின் ஆழம்’ என்று பெயர், பயிற்சிகளில் டி.ஓ.கே. என்பார்கள். பிள்ளைகளைத் தரம் பிரிக்க அவர் இதைச் செய்யவில்லை. பாடத்திட்டம் எதிர்பார்க்கும் ஆழத்தில்தான் தேர்வும் கேட்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தார்.

முதல் நிலையில், தெரிந்ததை எடுத்துச் சொன்னால் போதும், பழகிய வழிமுறையை அப்படியே செய்தால் போதும். இரண்டாம் நிலையில் தகவல்களை ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும். வகைப்படுத்த வேண்டும், எந்த வழியில் போவது என்று ஒரு முடிவாவது எடுக்க வேண்டும். மூன்றாம் நிலையில் ஆதாரம் காட்டி வாதாட வேண்டும். பெரும்பாலும் ஒரே விடை இருக்காது, இருந்தாலும் ஏன் அதுதான் விடை என்று நிலைநாட்ட வேண்டும். நான்காம் நிலை நாள்கணக்கில் போகும். பல இடங்களிலிருந்து திரட்டி, நடுவில் தவறு தெரிந்தால் வழியை மாற்றிக்கொண்டு செய்கிற வேலை அது.

நம் ஊர்ப் பாடத்தை வைத்தே காட்ட முடியுமா?

வேலூர்க் கோட்டை இருக்கும்போது வேறு உதாரணம் எதற்கு? பத்தாம் வகுப்பில் 1806 புரட்சி பாடமாகவே இருக்கிறது.

‘வேலூரில் சிப்பாய்கள் எந்த ஆண்டு, எந்த நாளில் கிளர்ந்தெழுந்தார்கள்?’ 1806, ஜூலை 10. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் எவ்வளவு யோசித்தாலும் வராது. இது முதல் நிலை.

அடுத்து, சில நிகழ்வுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுக்கிறேன். 1799-ல் திப்பு இறந்தது, அவருடைய மகன்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது, 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை உத்தரவு வந்தது, சாதி மத அடையாளங்களை நெற்றியில் இடக் கூடாது என்றும் தாடியை மழிக்க வேண்டும் என்றும் சொன்னது, 1806 மே மாதம் எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி கொடுத்தது. ‘இவற்றில் நீண்ட காலக் காரணம் எது, உடனடிக் காரணம் எது? பிரித்து வை, ஏன் அப்படிப் பிரித்தாய் என்று ஒரு வரி எழுது.’ இங்கே பிள்ளை ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து முடிவெடுக்கிறான். இது இரண்டாம் நிலை.

மூன்றாவது: ‘தலைப்பாகை உத்தரவு வராமல் இருந்திருந்தாலும் வேலூரில் புரட்சி நடந்திருக்குமா? குறைந்தது இரண்டு ஆதாரம் காட்டு.’ நடந்திருக்கும் என்பவள் கோட்டையில் திப்புவின் கொடி ஏற்றப்பட்டதைக் காட்டலாம். நடந்திருக்காது என்பவன் மே மாதச் சவுக்கடியைக் காட்டலாம். இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் கொடுக்க முடியும். அப்படிக் கொடுக்க முடிகிற கேள்விதான் மூன்றாம் நிலை.

நான்காவது, கோட்டைக்கே அழைத்துப்போய்ச் செய்வது. பாடநூல் சொல்வது, நினைவுத் தூணில் பொறித்திருப்பது, கோட்டையில் உள்ள அருங்காட்சியகப் பலகைகள் சொல்வது, மூன்றையும் குறித்துக்கொண்டு வந்து, எங்கே ஒத்துப்போகின்றன, எது எதைச் சொல்லாமல் விடுகிறது, ஏன் விட்டிருக்கலாம் என்று இரண்டு மூன்று வாரம் எடுத்து எழுதுவது. வருடத்துக்கு ஒன்று செய்தால் பெரிய காரியம்.

கடினமான கேள்விதானே ஆழமான கேள்வி?

இல்லை. அதிகம் குழம்புகிற இடம் இதுதான். ‘பாலாறு ஆந்திரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது?’ என்று கேளுங்கள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவு கடினம். விடை 33. ஆனால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, அது முதல் நிலைதான். ஏழு இலக்க எண்ணை நான்கு இலக்க எண்ணால் பெருக்கச் சொல்வதும் அப்படித்தான். கை வலிக்கும், தப்பு வரும், ஆழம் இருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘நம் ஊரை ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று சொல்வார்களே, இதில் இன்றைக்கு எதெல்லாம் உண்மை?’ என்று ஆறாம் வகுப்பில் கேட்டேன். யாருக்கும் கடினமாக இல்லை, வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் லிங்கம் திரும்ப வைக்கப்பட்டுவிட்டதே, அப்படியென்றால் அந்தச் சொல் இப்போது பொய்தானே என்று ஒருத்தி கேட்டாள். மழை பெய்த வருஷம் பாலாற்றில் தண்ணீர் போனதை நானே பார்த்தேன் என்றான் இன்னொருவன். ஒரு வருஷம் போனால் அது தண்ணீர் உள்ள ஆறு ஆகிவிடுமா என்று மூன்றாமவன். எளிமையான கேள்வி, மூன்றாம் நிலை யோசனை.

எத்தனை பேர் சரியாக எழுதுகிறார்கள் என்பது கடினத்தின் அளவு. எழுத என்ன யோசிக்க வேண்டும் என்பது ஆழத்தின் அளவு. இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம்.

‘விளக்குக’, ‘ஒப்பிடுக’ என்ற சொல்லைப் பார்த்தே நிலையைச் சொல்லிவிடலாமா?

வினைச்சொற்களை வட்டமாக அடுக்கிய ஒரு படம் பயிற்சிகளில் சுற்றும். ‘வரையறு’ என்றால் ஒன்று, ‘ஒப்பிடு’ என்றால் இரண்டு, ‘மதிப்பிடு’ என்றால் மூன்று. அதை நம்பாதீர்கள். வினைச்சொல்லை விட, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, நேற்று வகுப்பில் என்ன நடந்தது என்பதுதான் நிலையை முடிவு செய்யும்.

‘1806 வேலூரையும் 1857 மீரட்டையும் ஒப்பிடுக’ என்று எடுத்துக்கொள்வோம். நேற்றுக் கரும்பலகையில் அட்டவணை போட்டு, பிள்ளைகள் எழுதிக்கொண்டு போய் இரவு படித்திருந்தால், இன்றைக்கு அது முதல் நிலை. ஒப்பிட்டது ஆசிரியர், பிள்ளை நினைவில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். இதுவரை பார்க்காத இரண்டு பத்திகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் இரண்டாம் நிலை. ‘ஒப்பிட்டுப் பார்த்து, 1806-ஐ முதல் விடுதலைப் போர் என்று அழைக்கலாமா என்று உன் முடிவைச் சொல்’ என்றால் மூன்று. மூன்று இடத்திலும் வினைச்சொல் ஒன்றுதான்.

பாடநூலிலேயே ‘உயர் சிந்தனை வினாக்கள்’ இருக்கின்றனவே, அவற்றைக் கேட்டால் போதாதா?

கேள்விகள் பலவும் நன்றாகவே இருக்கின்றன. எழுதியவர்கள் உண்மையாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஜூன் மாதமே கைடு வந்துவிடுகிறது. அந்த உயர் சிந்தனை வினாவுக்கும் கீழே நான்கு வரி விடை அச்சிட்டிருக்கும். பிள்ளை அந்த நான்கு வரியை மனப்பாடம் செய்த நிமிடமே மூன்றாம் நிலைக் கேள்வி முதல் நிலைக்கு இறங்கிவிடுகிறது. தாளில் தலைப்பு மட்டும் ‘உயர் சிந்தனை’ என்று நிற்கும்.

இதற்கு நான் செய்வது சின்ன வேலை. கேள்வியின் ஒரு மூலையை மட்டும் மாற்றுவேன். புத்தகத்தில் காடு அழிந்தால் என்ன ஆகும் என்றிருந்தால், ஜவ்வாது மலையில் ஒரு குறிப்பிட்ட ஓடைக்கு மேலே உள்ள காடு மட்டும் அழிந்தால், மேலே இருக்கும் ஊருக்கும் கீழே இருக்கும் ஊருக்கும் ஒரே பாதிப்புதானா என்று கேட்பேன். கைடில் அந்த ஓடை இல்லை.

புளூம் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா?

பி.எட்.டில் நாமெல்லாம் படித்தது பெஞ்சமின் புளூம் குழுவின் 1956 வகைப்பாடு. அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல். 2001-ல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தி, படைத்தலை உச்சியில் வைத்தார்கள். புளூம் கேட்பது ‘எந்த வகைச் சிந்தனை?’ வெப் கேட்பது ‘அந்தச் சிந்தனை எவ்வளவு ஆழம் போக வேண்டும்?’ ஒரு வரைபடத்தைப் ‘பகுத்து’ ஒரு எண்ணை மட்டும் எடுப்பதும் உண்டு, அதே வரைபடத்தை வைத்து ஒரு கருத்தை மறுப்பதும் உண்டு. இரண்டும் பகுத்தல்தான், ஆழம் வேறு. அமெரிக்கக் கல்வியாளர் கரின் ஹெஸ் 2009-ல் இரண்டையும் ஒரே கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் காட்டினார். வினாத்தாள் தயாரிக்க எனக்கு வெப்பின் நான்கே போதுமாக இருக்கிறது.

அப்படியானால் முதல் நிலைக் கேள்வியே வேண்டாமா?

வேண்டும், கட்டாயம் வேண்டும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னத்தில் மூச்சுத் திணறுவான். திப்பு யார் என்றே தெரியாதவள் எதை வைத்து வாதாடுவாள்? என் வருத்தமெல்லாம் அங்கேயே நின்றுவிடுவதில்தான்.

மெல்லக் கற்போருக்கு முதல் நிலையை மட்டும் கொடுத்தால் தேறிவிடுவார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்குத் தேவையானதை மட்டும் சுருக்கிய ‘மினிமம் மெட்டீரியல்’ தயாரித்து, சனிக்கிழமையும் உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தேற்றிக் கரையேற்றுகிறவர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன், நானும் செய்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பிள்ளைக்கு ‘கோடிட்ட இடம் நிரப்பு’ மட்டும் கொடுத்துவிட்டு, யோசிக்கிற கேள்வியை முன்வரிசைக்கு ஒதுக்கிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தேர்வில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். வீட்டில் அம்மாவும் பாட்டியும் பீடி சுற்றுகிறவர்கள். கூலி பற்றிய பாடத்தில், ‘ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பது நியாயமான முறையா?’ என்று கேட்டேன். எப்போதும் குனிந்தே இருப்பவள் எழுந்து நின்றாள். ‘டீச்சர், இவ்வளவு இலைக்கு ஆயிரம் பீடி வரணும்னு கணக்கு. இலை ஓட்டையா இருந்தா ஆயிரம் வராது. குறையற பீடிக்கு நாங்கதான் காசு போட்டு இலை வாங்கணும். அப்போ கூலி ஆயிரத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் பார்த்தா எப்படி?’ என்றாள். சொன்ன கணக்கில் மறைந்திருந்த செலவைக் கண்டுபிடித்து, கேள்வியையே திருத்திவிட்டாள். அன்றைக்கு அந்த வகுப்பில் அதைவிட ஆழமாக யாரும் யோசிக்கவில்லை. அதுவரை மூன்று வருடம் அவளிடம் எல்லோரும் கேட்டது ஆண்டும் பெயரும்தான். நானும் அதில் ஒருத்தி.

நிலைகள் படிக்கட்டு அல்ல. ஒன்றை முடித்தால்தான் இரண்டு, இரண்டை முடித்தால்தான் மூன்று என்று எந்த விதியும் இல்லை. எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்பதில் உதவுங்கள், வாயால் சொல்ல விடுங்கள், தகவலைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். யோசிப்பதை மட்டும் அவர்களுக்காக நாம் செய்துவிடக் கூடாது.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இதெல்லாம் பொருந்துமா?

ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை கேட்டார், அவரே பதிலையும் கண்டுபிடித்தார். 7-ம் 5-ம் எத்தனை என்பது முதல் நிலை. அவர் 12 புளியங்கொட்டையைக் கொடுத்து, ‘இரண்டு கையிலும் பிரித்து வை, எத்தனை விதமாக வைக்கலாம்?’ என்று கேட்டிருக்கிறார். அதுவரை இரண்டாம் நிலை. பிறகு, ‘எல்லா விதமும் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டாராம். ஒரு பையன் இடது கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, வலது கையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய், 13 விதம், இனி மாற்றக் கொட்டை இல்லை என்று காட்டியிருக்கிறான். இரண்டாம் வகுப்புப் பையன் ஒரு நிரூபணம் செய்திருக்கிறான்.

நான்காம் நிலை என்றால் செயல்திட்டம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

நாள் அதிகமானால் ஆழம் வந்துவிடாது. பள்ளிக் கிணற்றில் ஒரு மாதம் தினமும் நீர்மட்டத்தை அளந்து வரைபடம் போடுவது நீண்ட வேலை, ஆனால் இரண்டாம் நிலை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கிணற்று மட்டம், பெய்த மழை, பக்கத்து ஆழ்துளைக் கிணறு ஓடிய நேரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, மட்டம் இறங்க எது காரணம் என்று தாங்களே அளக்கும் முறையை வகுத்து, சரிவராதபோது மாற்றி, முடிவைத் தெருவாசிகளிடம் பேசிச் சரிபார்த்தால் நான்காம் நிலைக்குப் போகும்.

கடையில் வாங்கிய படத்தை வெட்டிச் சார்ட்டில் ஒட்டுவது எந்த நிலையிலும் வராது. அதற்கு வீட்டில் ஐம்பது, நூறு செலவு வேறு.

தமிழ்ப் பாடத்தில் உதாரணம்?

குறள் 355, 423 இரண்டுக்கும் இரண்டாம் அடி ஒன்றேதான். முதல் அடியில் ஒன்று ‘எத்தன்மைத் தாயினும்’ என்கிறது, மற்றது ‘யார்யார்வாய்க் கேட்பினும்’ என்கிறது. அடிபிறழாமல் எழுதச் சொன்னால் முதல் நிலை. இரண்டையும் அருகருகே வைத்து, ‘இந்த ஒரு மாற்றத்தால் ஒன்று மெய்யுணர்தலுக்கும் மற்றது அறிவுடைமைக்கும் போனது பொருத்தமா? இடம் மாற்றி வைத்தால் என்ன கெடும்?’ என்று கேட்டுப் பாருங்கள். வாட்ஸப்பில் வரும் செய்திக்கு எந்தக் குறள் பொருந்தும் என்று ஒன்பதாம் வகுப்பில் அரைமணி நேரம் சண்டை நடந்ததாக எங்கள் தமிழாசிரியர் சொன்னார்.

கணக்கில்?

பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர்: கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. தமிழ்நாட்டின் பங்கு எத்தனை விழுக்காடு என்பது பழகிய கணக்கு. இதை வட்ட விளக்கப்படமாகப் போடுவதா, பட்டை வரைபடமாகப் போடுவதா, எது தெளிவாகக் காட்டும் என்று முடிவெடுக்க வைத்தால் இரண்டு. ‘நீளம் அதிகம், ஆகவே தண்ணீரில் நமக்குத்தான் பங்கு அதிகம் என்று ஒருவர் சொல்கிறார். இந்த எண்கள் அதை நிரூபிக்கின்றனவா? வேறு எந்த எண் வேண்டும்?’ என்றால் மூன்று. மழை பெய்யும் பரப்பு என்ற எண்ணத்தைப் பிள்ளைகளே தொட்டுவிடுவார்கள்.

பொதுத்தேர்வு கேட்காததை நாம் ஏன் நடத்த வேண்டும்?

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண்கள் செய்முறை வடிவியலும் வரைபடமும். பெரிய மதிப்பெண்தான். ஆனால் ஆண்டு முழுக்க அதையே போட்டுப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது கையின் வேலை. மதிப்பெண்ணின் அளவும் ஆழத்தின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தெரிந்ததைத் தெரியாத இடத்தில் பயன்படுத்தச் சொல்லும் பிசா என்ற பன்னாட்டுத் தேர்வை 2009 சுற்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. பட்டியலின் கடைசிக்கு அருகில்தான் நின்றோம். நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த மாதிரிக் கேள்வியை நாம் அவர்களிடம் கேட்டதே குறைவு.

எட்டாம் வகுப்பு வரை, பருவத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் நாமே போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. அதில் 20 மதிப்பெண் சிறுதேர்வுக்கு நான் 10 மதிப்பெண் முதல் நிலை, ஆறோ ஏழோ இரண்டாம் நிலை, மீதி ஒரே ஒரு மூன்றாம் நிலைக் கேள்வி என்று வைத்துக்கொள்கிறேன். இது என் கணக்கு, விதி அல்ல.

ஒரே கேள்விக்கு இரண்டு ஆசிரியர்கள் வெவ்வேறு நிலை சொல்கிறார்களே?

சொல்வார்கள். உட்கார்ந்து பேசுங்கள். ‘என் வகுப்பில் சாதாரணமாகப் படிக்கிற பிள்ளை இதற்கு என்ன செய்வான்?’ என்று இருவரும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் அதை வகுப்பில் ஏற்கெனவே செய்து காட்டியிருப்பார், மற்றவர் காட்டியிருக்கமாட்டார். வெளியாளுக்கு ஒரே கேள்வி, இரண்டு வகுப்புக்கு இரண்டு நிலை.

வாய்மொழிக் கேள்விக்கும் இது உண்டா?

உண்டு, அங்கேதான் செலவில்லாமல் தொடங்கலாம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்றாம் நிலைக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு விநாடிதான் பொறுத்தால் முதல் நிலைப் பதில்தான் வரும். நான் மனதுக்குள் மெதுவாக ஐந்துவரை எண்ணுகிறேன்.

மூன்றாம் நிலைக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? விடைக்குறிப்பில் இல்லாத விடை வந்தால்?

விடையைக் குறிப்பாக எழுதிவைக்காதீர்கள். எதற்கு மதிப்பெண் என்று எழுதிவையுங்கள். நான்கு மதிப்பெண் கேள்வி என்றால், தன் முடிவைத் தெளிவாகச் சொன்னதற்கு 1, பாடத்திலிருந்தோ கொடுத்த பத்தியிலிருந்தோ காட்டிய இரண்டு ஆதாரத்துக்கு 2, அந்த ஆதாரம் எப்படி முடிவைத் தாங்குகிறது என்று இணைத்ததற்கு 1. பிள்ளைகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பத்துத் தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டால் கை பழகிவிடும்.

கோட்டைக் கேள்விக்குப் போன வருடம் ஒரு பையன் எழுதினான்: ‘தலைப்பாகை உத்தரவு இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். ஆனால் ஜூலையில் நடந்திருக்காது.’ கொடியை ஓர் ஆதாரமாகவும் சவுக்கடியை இன்னோர் ஆதாரமாகவும் வைத்து, ஒன்று ஏன் நடந்தது என்பதற்கு, மற்றது எப்போது நடந்தது என்பதற்கு என்று பிரித்திருந்தான். இந்த விடை நான் யோசித்து வைத்திருந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. நான்கு மதிப்பெண் போட்டேன். மறுநாள் அந்தத் தாளை வகுப்பில் படித்துக் காட்டினேன், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் கொடுத்தேன்.